கடலளவையும் சர்வதேச நியமங்களும்

கடலின் ஆழம், அடித்தரையின் இயல்பு, பாறை, மணல்திட்டு, வற்றுப்பெருக்கு ஆகியவற்றை அளந்து, மாலுமிகளுக்குப் படமாக வரைந்தளிக்கும் சாஸ்திரம் கடலளவை எனப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறை பார்த்து நிற்கும் பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையதாதலின், 1893இல் அங்கு எழுந்த வெளிச்சவீடு இரவிலே கரையைக் காட்டிற்றேயன்றி, நீருக்கடியில் கிடப்பதைக் காட்டப் படமே வேண்டியிருந்தது.

இந்நீரிணையை 1830களில் முறைப்படி அளந்தவர்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் கடற்படையின் பவல், எதர்சே என்னும் இரு அதிகாரிகளாவர். கொழுப்புத் தடவிய ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கயிற்றின் அடையாளங்களால் ஆழத்தையும், கொழுப்பில் ஒட்டிவரும் மணலாலோ சேற்றாலோ சிப்பித்துணுக்காலோ தரையின் தன்மையையும் அறிவதே அக்கால வழக்கம்.

ஆயினும் நாட்டுக்கு நாடு அளவை வேறுபட்டது. மீற்றரில் 5 எனக் குறித்ததை ஆங்கிலேயரின் பாகம் (fathom) என்னும் அளவாகக் கொண்ட மாலுமி, 9 மீற்றருக்கு மேல் நீர் உண்டென நம்பிக் கப்பலைத் தரைதட்ட விடுவான். எந்த நீர்மட்டத்திலிருந்து ஆழத்தை எண்ணுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. 1889இல் வாஷிங்டனிலும் 1912இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் பேசப்பட்ட இவ்விஷயம், முதல் உலக யுத்தத்தின் பின் 1919இல் 24 தேசங்கள் லண்டனில் கூடியபோதே உருப்பெற்றது. தாமே சமுத்திர ஆராய்ச்சியாளரான மொனாக்கோவின் ஆளும் இளவரசர் முதலாம் அல்பேர்ட் இடமளிக்க முன்வந்தமையால், கடற்படை வல்லரசுகளை விடுத்து அச்சிற்றரசிலே 1921இல் சர்வதேசக் கடலளவைப் பணியகம் அமைந்தது. 1967இன் உடன்படிக்கை 1970இல் அமுலுக்கு வரவே, அது அரசுகளுக்கிடையிலான அமைப்பாயிற்று. அதன் தீர்மானங்கள் சிபாரிசுகளேயன்றிச் சட்டங்களல்ல. எனினும் தேசங்கள் அவற்றை ஏற்றதற்குக் காரணம் சௌஜன்யம் என்பதைவிட, சேதமுறும் கப்பல் எவருடையதாகவும் இருக்கலாம் என்ற அச்சமே எனல் பொருந்தும்.

கடல்களின் எல்லைகளை வகுத்த அப்பணியகத்து நூலின் 1953ஆம் ஆண்டுப் பதிப்பு, இராமர் அணையை வங்காள விரிகுடாவின் தெற்கெல்லைகளுள் ஒன்றாகக் கொண்டது. ஆகவே காங்கேசன்துறைக் கடல் வங்காள விரிகுடாவிலும், மன்னார் வளைகுடா இலட்சத்தீவுக் கடலிலும் அடங்கின. வலைஞர் எவரும் மதியாத எல்லை இது!

1968இல் அப்பணியகம் முதன்முதல் வெளியிட்ட அளவை நியமங்கள், கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி மிகக் குறுகிய இடங்களிலே கடுந்துல்லியம் கோருகின்றன. இலங்கையின் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்தபின் இந்திய உதவியுடன் காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்கும் பணியில், மூழ்கிய கலங்களை அகற்றுவதற்கும் ஆழப்படுத்துவதற்கும் முற்பட்ட வேலை கடலளவையே. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் இத்துறைக்கு வந்துசேர்ந்தது.