ஆணி, தோல், குரோம்பேட்டை

ஆபீஸ்ல புடுங்குற ஆணி போதாதுன்னு, போன வருஷம் பாதி சனிக்கிழமை நிஜ ஆணி புடுங்கிட்டு இருந்தேன். துருப்பிடிச்ச குட்டிக் குட்டி ஆணி. ஒரு சீட்டுக்கு மட்டும் 200க்கு மேல. எண்ணினேன், வேற வேலை?

இடம் இங்கிலாந்துல இருக்கிற கவென்ட்ரி. ஆன்சைட் வந்த இடத்துல பக்கத்து வீட்டுப் பெரியவர் பழக்கமானார். ரிட்டயர்டு வாத்தியார். அவரோட ஷெட்ல ஒரு 1938 ரோவர் 12 நிக்குது, அவங்க அப்பா வாங்கின வண்டி. ரோவர் கம்பெனி அப்போ இந்த ஊர்லதான் இருந்தது. 1940 நவம்பர்ல ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு ஊரையே தரைமட்டமாக்கின ராத்திரி, அவங்க அப்பா வண்டியோட வெளியூர் போயிருந்ததால வண்டி தப்பிச்சுதாம்.

எஞ்சின் நல்லாவே ஓடுது. சீட்டுதான் பாவம். தையல் விட்டு, பாளம் பாளமா வெடிச்சு, உள்ள இருக்கிற குதிரைமுடி எட்டிப் பார்க்குது. சீட்டு தைக்கிற கடைக்காரர் வந்து பார்த்துட்டு, மொத்தத்தையும் உரிச்சுப் போட்டுட்டு புதுத் தோல் போட்டுடலாம்னார். பெரியவருக்கு மனசு வரலை. "பின் சீட்டு மட்டும் அப்படியே இருக்கணும், அதுலதான் நான் வளர்ந்தேன்"னு ஒரே பிடிவாதம். நெட்ல நாலு வீடியோ பார்த்த தைரியத்துல, "நாமளே பண்ணிடலாம் சார்"னு வாயை விட்டேன்.

டிரைவர் சீட்ல ஆரம்பிச்சோம். ஈரத்துணியால தொடைச்சு, பிசின் மாதிரி ஒட்டியிருந்த அழுக்கை எடுத்து, சீக்கிரம் காயட்டும்னு தலைமுடி காயவைக்கிற டிரையரைக் காட்டினேன். சூப்பரா வந்தது. அடுத்த வாரம் அதே கையோட பின் சீட்டுக்குப் போனேன். அதே ஈரத்துணி, அதே டிரையர். என் கண்ணு முன்னாடியே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கி, கறுத்து, எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி விறைச்சுப் போச்சு. மொத்தம் பத்து செகண்ட் இருக்கும்.

பெரியவர் ஒண்ணும் சொல்லலை. உள்ள போய் டீ போட்டுக் கொண்டு வந்தார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்தது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

பச்சைத் தோல் அழுகாம இருக்கணும்னா பதனிடணும். பல ஆயிரம் வருஷமா அதுக்கு மரப்பட்டைதான். இங்கிலாந்துல ஓக் பட்டை, நம்ம பக்கம் ஆவாரம்பட்டை. பட்டைச் சாறு நிறைஞ்ச குழியில தோலை ஊறப்போட்டா, அதுல இருக்கிற டானின் மெதுவா உள்ள இறங்கித் தோலோட நார்களைப் பிடிச்சுக்கும். மெதுவான்னா, வாரக்கணக்கு, கனமான தோலுக்கு மாசக்கணக்கு.

இதை மாத்தினது பெண்களோட கார்செட்! இடுப்பை இறுக்கிக் கட்டுற அந்த உடுப்புக்குள்ள எஃகுப் பட்டை வைப்பாங்க. படிகாரத்துல பதனிட்ட தோலை அது மேல சுத்தினா எஃகு துருப்பிடிச்சு, துணியெல்லாம் கறை. துருப்பிடிக்க வைக்காத தோல் கிடைக்குமான்னு நியூயார்க்ல சாயம் விக்கிற கம்பெனியில இருந்த அகஸ்டஸ் ஷுல்ட்ஸ்கிட்ட யாரோ கேட்கப்போக, மனுஷன் சாயப்பட்டறையில புழங்குற குரோமியம் உப்பை எடுத்து முயற்சி பண்ணி, 1884ல பேட்டன்ட் வாங்கிட்டார். அவரோட முறைக்கு ரெண்டு தொட்டி வேணும். 1893ல மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டியில முடிச்சார். மாசக்கணக்கு வேலை சில நாள்ல முடிஞ்சது.

குரோமியம் தோலோட நார்களை டானினைவிட ரொம்ப அழுத்தமாக் கோர்த்துப் பிடிக்குது. ஈரமா இருக்கிற தோலைச் சூடாக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல நார் அப்படியே சுருண்டுடும். பட்டையில பதனிட்ட தோல் புதுசா இருக்கும்போது 75, 80 டிகிரி செல்சியஸ் தாங்கும். குரோம் தோல் கொதிக்கிற தண்ணியையே தாங்கும். பட்டைத் தோலுக்கு வயசாக ஆக, புகைக் காத்துல இருக்கிற கந்தக அமிலமும் அரிக்க அரிக்க, தாங்குற சூடு இன்னும் கீழ இறங்கிடும். 80 வருஷத்துக்கு மேல கரிப்புகை குடிச்ச தோலுக்கு என் டிரையர் எம்மாத்திரம்?

சரி, டிரைவர் சீட்டு எப்படித் தப்பிச்சது? மறுநாள் ரெண்டு சீட்டையும் கவுத்துப் போட்டு, ஆணிக்கு அடியில மடிஞ்சிருந்த தோலோட வெட்டு விளிம்பைப் பார்த்தேன். பின் சீட்டுல விளிம்பு முழுக்கப் பழுப்பு. டிரைவர் சீட்டுல நீலம் கலந்த சாம்பல். அதுதான் குரோமியம். பெரியவர் யோசிச்சுப் பார்த்துட்டு, "ஆமா, 70கள்ல அப்பா அதை மட்டும் மாத்தினார்"னார். ஆணி புடுங்கும்போதே கண்ணு முன்னாடி இருந்த விளிம்பு, நான்தான் பார்க்கலை.

இதுல எனக்கு உறைச்சது வேற. எங்க ஊரு குரோம்பேட்டை. ஸ்கூல், டியூஷன், கிரிக்கெட் எல்லாம் அங்கதான். பேரு எங்கேர்ந்து வந்ததுன்னு ஒருநாளும் யோசிச்சதில்லை. 1912ல ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கத்துல தொடங்கின குரோம் லெதர் கம்பெனிதான் ஊருக்கே பேரு. அதுக்கும் முன்னாடி, மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜ்ல பேராசிரியரா இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் (அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்க கொண்டுவந்ததும் இவர்தான்) 1903 வாக்குல மெட்ராஸ்ல குரோம் முறையைப் பரிசோதிச்சுப் பார்த்தார். எதுக்குத் தெரியுமா? கவலை ஏத்தத்துல தண்ணி இறைக்கிற தோல் பைக்கு! பட்டையில பதனிட்ட பை தண்ணியில சீக்கிரம் வீணாகும், குரோம் தோல் தாங்கும். நான் தண்ணியும் டிரையருமா கத்துக்கிட்ட பாடம், சாட்டர்டனுக்கு 100 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

ஆவாரம்பட்டையில பதனிட்ட மெட்ராஸ் தோல் கப்பல் கப்பலா இங்கிலாந்துக்குப் போச்சு. இந்த ரோவர்லயும் நம்ம ஊர்த் தோல்னு எழுத ஆசைதான். ஆனா நம்ம மாட்டுத் தோல் சின்னது, அது ஷூவுக்கும் பைக்கும் போனது. கார் சீட்டுக்கு ஐரோப்பிய மாட்டோட பெரிய தோல்தான். அந்த வியாபாரத்துல பெரிய பேரு கானலி பிரதர்ஸ். 1878ல லண்டன்ல ஆரம்பிச்சு, ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார், இங்கிலாந்து பார்லிமென்ட் பெஞ்சுன்னு எல்லாத்துக்கும் தோல் கொடுத்தவங்க, 2002ல தொழிற்சாலையை மூடிட்டாங்க.

இன்னொரு ஆச்சரியம் ரெக்சின். நம்ம ஊர் குஷன் கடையில எல்லாமே ரெக்சின்தான், இல்லையா? அது மான்செஸ்டர் பக்கத்துல ஹைட்ங்கிற ஊர்ல இருந்த கம்பெனியோட பேரு. பருத்தித் துணி மேல நைட்ரோசெல்லுலோஸ், கற்பூர எண்ணெய், சாயம் எல்லாம் கலந்து பூசி, தோல் மாதிரி வரி அச்சடிச்சது. 1930கள்ல வந்த நிறைய கார்கள்ல உட்கார்ற இடத்துல மட்டும் தோல், கதவுக்கும் சீட்டு முதுகுக்கும் ரெக்சின். இந்த ரோவர்லயும் அப்படித்தான். வேடிக்கை என்னன்னா, அந்தக் காலத்து நிஜத் தோலுக்கு மேல அடிச்ச பெயின்ட்டும் நைட்ரோசெல்லுலோஸ்தான். வயசானா அது விறைச்சு முதல்ல வெடிக்கும். பாளம் பாளமா நாம பார்க்கிற வெடிப்புல பாதி பெயின்ட்டோடது. அடியில தோல் முழுசா இருக்கும். உரிச்சுப் போடுன்னு சொல்றவங்க இதைப் பார்க்கிறதில்லை.

அப்புறம் பின் சீட்டுல டிரையர் கிடையாது. ஒட்டப் பிழிஞ்ச துணி, ஒவ்வொரு சாண் தோலையும் தானா காயவிட்டு அடுத்த சாண். கிழிசலுக்கு உள்பக்கமா மெல்லிய தோல் ஒட்டு. வெடிப்புல வளையுற பசை. மேல சாயம் ஸ்பாஞ்சுல தொட்டுத் தொட்டு, மெல்லிசா, 6 தடவை. எண்ணெய் ரொம்பக் கொஞ்சம். அள்ளித் தடவினா தையல் நூல்தான் இத்துப்போகும். 3 மாசம் ஆச்சு.

அந்த உள்ளங்கை அகல அப்பளம் அப்படியேதான் இருக்கு. சுருண்ட நாரை நிமித்த வழியில்லை. அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதுசு வைக்கலாம்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார். சாயம் அடிச்ச பிறகும், சீட்டுல இடது பக்கம் உட்கார்ந்தா முதுகுல உறுத்துது.

அம்மாகிட்ட போன்ல எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "ஏன்டா, விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தியா?"ன்னாங்க :-)

இந்தச் சனிக்கிழமை கதவு. ரெக்சின். ஆணி இன்னும் 60 பாக்கி.