நோயைவிட மருந்து கொடுமையாக இருந்த காலம்

ஹெப்பாடிட்டிஸ் சி கிருமி தொற்றிய பலருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் வரை எந்த வலியும் தெரிவதில்லை. கல்லீரல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருக்கும். ஆளோ வழக்கம்போல் வேலைக்குப் போய் வருவார். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கு ஊசி போட்டு, அதனாலேயே அவரைப் படுக்கையில் தள்ள வேண்டிய நிலையில்தான் மருத்துவம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

அந்த ஊசியின் பெயர் இன்டர்ஃபெரான். 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் என்ற இருவர் கண்டறிந்த பொருள் அது. கிருமி தாக்கும்போது நம் உடலே அதைச் சுரக்கிறது. சளிக்காய்ச்சல் வந்தால் உடம்பு முறிவது போல் வலிக்கிறதே, அதற்குக் கிருமி மட்டும் காரணமல்ல. உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானுக்கும் அதில் பங்குண்டு. அதையே மருந்தாக மாதக்கணக்கில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

1986-இல் அமெரிக்காவின் டாக்டர் ஜே ஹூஃப்நாகல் குழுவினர் பத்து நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தனர். அப்போது அந்தக் கிருமிக்குப் பெயர்கூட இல்லை; 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்றுதான் அழைத்தார்கள். கிருமி அடையாளம் காணப்பட்டது 1989-இல். 1991-இல் அமெரிக்கா ஊசிக்கு அனுமதி தந்தது. வாரம் மூன்று ஊசி, ஆறு மாதம். இவ்வளவு பட்டும் முழுமையாகக் குணமானவர்கள் நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவே. 1998-இல் ரிபாவிரின் மாத்திரை சேர்ந்தது. 2001-இல் வாரம் ஒருமுறை மட்டும் போடும் நீடித்த ஊசி வந்தது. அப்போதும் முதலாம் வகைக் கிருமிக்காரர்கள் 48 வாரம் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் பலன்.

இந்த 48 வாரத்தை எப்படிக் கடப்பது என்பதே தனிக் கலையாகிவிட்டது. அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் தாதியரும் நோயாளிகளும்தான். வெள்ளிக்கிழமை இரவு ஊசி போட்டுக்கொண்டால் காய்ச்சலும் நடுக்கமும் தூக்கத்திலும் வார விடுமுறையிலும் கழிந்துவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. ஊசியை ஒரே இடத்தில் குத்தாமல் தொடை, வயிறு என்று மாற்றிக்கொள்வது. தலைமுடி கொட்டும், சிகிச்சை முடிந்தால் திரும்ப முளைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. சின்ன விஷயங்கள்தாம். ஆனால் பாதியில் ஓடிவிடாமல் பலரை நிறுத்தி வைத்தவை இவை.

ரத்தச் சோகை அப்படிச் சமாளிக்கக் கூடியதாக இல்லை. ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கினால் மாத்திரையைக் குறைக்க வேண்டும், 8.5-க்கும் கீழே போனால் நிறுத்தியே ஆக வேண்டும். குறைத்தாலோ கிருமி தப்பிவிடும் அபாயம். இரு மருந்துகளிலும் குறைந்தது 80 விழுக்காட்டை, 80 விழுக்காட்டுக் காலமாவது எடுத்தவர்களுக்கே நல்ல பலன் என்று 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர்கள்கூட, மருந்தைக் குறைக்க வேண்டாம் என்று மருத்துவரிடம் கெஞ்சியதற்கு இதுதான் காரணம்.

எல்லாவற்றிலும் கொடியது மனச்சோர்வு. ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது வந்தது. காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, வீட்டில் எரிந்து விழுவது. சிலருக்குத் தற்கொலை எண்ணம். நோயாளிக்குத் தன் மாற்றம் தெரியாது, மனைவி மக்களுக்குத்தான் தெரியும். ஆகவே, இந்தக் கோபம் மருந்தின் கோபம் என்று குடும்பத்திற்கு விளக்குவது சிகிச்சையில் ஒரு பகுதியாயிற்று. அப்படி விளக்க ஆளில்லாத வீடுகள் பட்ட பாடு எந்த ஆய்விலும் பதிவாகவில்லை. 2001-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினர், இன்டர்ஃபெரான் ஏற்றப்பட்ட 40 தோல் புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கு, ஊசி தொடங்க இரண்டு வாரத்திற்கு முன்பே மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் கடும் சோர்வு கண்டவர்கள் 11 விழுக்காடு. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 45 விழுக்காடு. கல்லீரல் மருத்துவர்களும் இதைக் கவனித்துக்கொண்டார்கள்.

2011-இல் வந்த டெலாப்ரெவிர், ஊசிக்குப் பதிலாக அல்ல, ஊசியோடு சேர்ந்து வந்தது. எட்டு மணிக்கு ஒருமுறை கொழுப்பு உணவோடு விழுங்க வேண்டும். தோல் அரிப்பு ஒரு பக்கம், இன்னும் கடுமையான சோகை மறுபக்கம்.

2013 டிசம்பரில் சொஃபொஸ்புவிர் அனுமதி பெற்றது. ஊசி இல்லாத சிகிச்சை சாத்தியமாயிற்று. லேசான தலைவலி, களைப்பு, அவ்வளவே. இப்போது பக்கவிளைவு விலையில் இருந்தது: அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்திற்கு 84,000 டாலர்.

மலேசியாவில் அந்த முட்டுக்கட்டை 2017 செப்டம்பரில் அகன்றது. காப்புரிமை நிறுவனத்தின் சம்மதமின்றியே மலிவான மாற்று மருந்தைத் தருவிக்கும் அரசாங்க உரிமையைப் பயன்படுத்துவதாக, அன்றைய சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம் அறிவித்தார். எகிப்தில் தயாரான மாத்திரைகள் 2018-இல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேரிடம் சொஃபொஸ்புவிருடன் சேர்த்துச் சோதித்தபோது 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். 2021 ஜூனில் மலேசியா அதற்கு அனுமதி அளித்தது.

அன்று ஊசியைப் பாதியில் விட்டவர்களுக்கும், முழுக்கப் போட்டும் கிருமி திரும்பியவர்களுக்கும் புதிய மாத்திரைகள் பலன் தருகின்றன. கல்லீரல் ஏற்கெனவே இறுகிப்போனவர்கள் மட்டும், குணமான பின்னும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.