எச்.ஐ.வி.யின் சர்க்கரைப் போர்வை

எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை என்று நம்மில் பலர் கேட்கிறோம். காரணம் பெருமளவு அதன் மேலுறையில் இருக்கிறது. உறையிலிருந்து முள் போல நீளும் புரதத்திற்கு இரண்டு பகுதிகள்: வெளியே ஜிபி120, அதைத் தாங்கும் ஜிபி41. நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களின் மேலுள்ள சிடி4 என்ற புரதத்தை முதலில் ஜிபி120 பற்றுகிறது. பிறகு சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டாவது பிடி கிடைத்ததும் ஜிபி41 விரிந்து இரு சவ்வுகளையும் ஒட்டவைக்க, கிருமி உள்ளே நுழைந்துவிடுகிறது. சிடி4 அணுக்கள் இப்படிக் குறையக் குறைய, உடல் சாதாரணக் காசநோய்க் கிருமிக்கும் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது.

ஜிபி120இன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். அதைப் பூசிவிடுவது வேறு யாருமல்ல, நம் செல்களேதான்! ஆகவே உடல் அதை எளிதில் அந்நியமாகக் காண்பதில்லை. போதாக்குறைக்கு, ஜிபி120 தன் வடிவத்தையும் ஓயாமல் மாற்றிக்கொள்கிறது.

தாய்லாந்தில் 16,000க்கும் அதிகமானோரிடம் நடந்த சோதனையில், ஜிபி120 சேர்த்த தடுப்பூசி முறை 31 சதவீதப் பாதுகாப்பே தந்ததாக 2009இல் தெரிந்தது. அதே வழியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை, பலனில்லை என்று 2020இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஜிபி120ஐயே பற்றிக்கொண்டு சிடி4ஐத் தொடவிடாமல் செய்யும் ஃபோஸ்டெம்சாவிர் மாத்திரை, பிற மருந்துகள் பலிக்காதவர்களுக்காக அதே ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.