மனந்திருந்திய கள்வனும் மறைந்துபோன காணியும்

1971ஆம் ஆண்டில் ராஜ் கோஸ்லாவின் நெறியாள்கையில் வெளிவந்த ‘மேரா காவ்ன் மேரா தேஷ்’ என்னும் இந்தித் திரைப்படத்தின் பெயருக்கு ‘என் கிராமம், என் தேசம்’ என்பது பொருள். அஜித் என்னும் சில்லறைத் திருடன் (தர்மேந்திரா) சிறைசென்று மீள்கிறான். ஒரு கையை இழந்த ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் (ஜயந்த்) அவனைத் தமது கிராமத்தில் ஏற்று, உழைத்து உண்ணும் வாழ்வுக்கு வழிகாட்டுகிறார். அக்கிராமத்தையோ ஜப்பர் சிங் (வினோத் கன்னா) என்னும் கொள்ளைத் தலைவன் கலக்கிக்கொண்டிருக்கிறான். திருடனாயிருந்தவன் ஊரின் காவலனாகிறான். முடிவு யாவரும் ஊகிக்கக்கூடியதே.

குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த சண்டைப் படமென இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. எம்மவருட் படித்தோர் பலர் அவ்வாறே செய்வர். ஆயினும் பெருந்தொகையான மக்கள் விரும்பிக் கண்ட ஒரு கதை, அம்மக்கள் வாழ்ந்த காலத்தைப் பற்றி ஏதோவொன்றைச் சொல்லாமற் போவதில்லை. இக்கள்வனைத் திருத்தியது யாது என்னும் கேள்விக்கு இந்தித் திரை எக்காலத்தும் ஒரு விடை வைத்திருந்தது. அவனைக் கள்வனாக்கியது யாது என்னும் கேள்வியோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளுட் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அவ்வாறு கைவிடப்பட்ட வரலாற்றையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

1951இல் வெளிவந்த ‘ஆவாரா’வில் அக்கேள்வியே கதையின் உயிராக இருந்தது. கள்வனின் மகன் கள்வனே, நல்லவனின் மகன் நல்லவனே என்று நம்புகிறார் நீதிபதி ரகுநாத். அவருடைய சொந்த மகனே சேரியில் வளர்ந்து திருடனாகி, குற்றவாளிக் கூண்டில் அவர்முன் நிற்கிறான். நீதிபதியின் இந்நம்பிக்கை கதாசிரியரின் கற்பனையன்று. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் மூலம் பிரித்தானிய அரசு முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளெனப் பதிந்து வைத்திருந்தது. அச்சட்டம் இந்தியா முழுவதிலும் நீக்கப்பட்டது 1952இலேயே. அதாவது, ‘ஆவாரா’ திரைக்கு வந்த மறு ஆண்டிலே. படத்தின் கதையை எழுதியோருள் ஒருவரான குவாஜா அகமது அப்பாஸ் இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு அதன் தொடக்கந்தொட்டு இணைந்திருந்தவர். சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்த ஒரு பொய்யை அவர் கொட்டகைக்குக் கொண்டுவந்து மக்கள்முன் விசாரணைக்கு வைத்தார் எனலாம்.

1957இல் வெளியான இரு படங்களும் இங்கு நினைக்கத்தக்கவை. மெகபூப் கானின் ‘மதர் இந்தியா’வில் மகன் கொள்ளைக்காரனாவதற்குக் காரணம் வெளிப்படையானது; வட்டிக்காரனின் கணக்குப் புத்தகமே அது. சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ ஆறு கொலைக் கைதிகளைத் தரிசு நிலமொன்றுக்கு அழைத்துச் சென்று உழைப்பினாற் திருத்தும் சிறை அதிகாரியின் கதை. அவுந்த் சமஸ்தானத்தில் உண்மையாகவே நடத்தப்பட்ட திறந்தவெளிச் சிறையொன்று அதற்கு அடிப்படையாயிற்று. அதிகாரியின் கண்களுக்குக் கைதிகள் கட்டுப்படுகின்றனர் என்பதில் ஓரளவு மந்திரவாதம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் திருந்தியோர் விளைவித்த காய்கறி சந்தைக்குப் போனவுடன் வியாபாரியின் பகை மூளுகிறது. மனந்திருந்தினால் மாத்திரம் போதாது, விளைந்ததை விற்கவும் விடவேண்டும் என்பதைச் சாந்தாராம் கண்டிருந்தார்.

அடுத்து 1960. அவ்வாண்டு மே மாதத்தில் ஆசார்ய விநோபா பாவே சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் பாதயாத்திரை சென்றார். 1955இற் கொல்லப்பட்ட கொள்ளைத் தலைவன் மான்சிங்கின் மகன் தெஹ்சில்தார் சிங், நைனிச் சிறையில் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த நிலையில் எழுதிய கடிதமே விநோபாவை அங்கு அழைத்தது. ஏறத்தாழ 20 பேர் அவர்முன் ஆயுதங்களை வைத்தனர். அதே ஆண்டுக்குரியதே ராஜ் கபூரின் ‘ஜிஸ் தேஷ் மேன் கங்கா பெஹ்தி ஹை’. இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு இத்தகைய படங்களின் பாடல்களைக் கடல் கடந்து இந்தியாவுக்கே கொண்டு சென்ற காலம் அது.

வெகுளியான பாடகன் ஒருவன் கொள்ளையரிடையே அகப்படுகிறான். தாங்கள் செல்வரையும் வறியவரையும் சமப்படுத்தும் சமதர்மவாதிகள் என்று, கொள்ளைத் தலைவனின் மகளாக வரும் பத்மினி (எமது வாசகர் தமிழ்ப் படங்களில் நன்கறிந்த அதே பத்மினிதான்) அவனுக்கு விளக்குகிறாள். அவனும் நம்பிவிடுகிறான். கொட்டகையிற் சிரிப்பெழும் இடம் இது. நாமும் சிரிக்கலாம், ஆனாற் சிறிது நின்று சிரிக்கவேண்டும். பறித்துப் பகிர்தல் சமதர்மமாகாது என்பது உண்மையே. அதைச் சொன்ன படம், வேறெவ்வாறு பகிர்வது என்பதைத் தொடவே இல்லை. இறுதியிற் கொள்ளையர் தம் பெண்டிர் பிள்ளைகளோடு கூட்டமாக வந்து சட்டத்தின்முன் சரணடைகின்றனர். உள்ளத்தை உருக்கும் காட்சி. மறுநாட் காலையில் அப்பிள்ளைகளின் உணவுக்கு வழி யாது என்னும் கேள்விக்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது.

சம்பற் பிரதேசத்தின் கொள்ளையர் தம்மைக் கொள்ளையர் என்று கூறிக்கொள்வதில்லை, ‘பாகி’ என்பர். கலகக்காரன் என்பது அதன் பொருள். காணித் தகராறு, சாதிப் பகை, ஊரிற் பலமுள்ளவன் பக்கமே சாயும் பொலிஸார், ஆண்டுதோறும் மழைநீர் அரித்து மலட்டுப் பள்ளங்களாக்கிவிடும் மண் ஆகியவற்றிடையே ஒருவன் ஒரு கொலையைச் செய்துவிட்டுப் பள்ளங்களுக்குள் இறங்கிவிட்டால், மீண்டு வருதல் அரிது. இவர்களை ஏழைகளின் தோழரெனப் போற்றுவதற்கில்லை. இவர்கள் கடத்தியவரும் கொன்றவரும் பலர்; எளியவரும் அவர்களுட் பலராவர். எனினும் இவர்கள் வானத்திலிருந்து விழுந்தவரல்லர்.

இப்பின்னணியில் அஜித்தின் கதைக்கு மீள்வோம். 1965ஆம் ஆண்டு யுத்தத்தின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி படைவீரனையும் உழவனையும் சேர்த்து வாழ்த்தும் முழக்கத்தை நாட்டுக்கு அளித்தார். அம்முழக்கத்தை மனோஜ் குமார் 1967இல் ‘உப்கார்’ என்னும் படமாக்கினார். ‘மேரா காவ்ன் மேரா தேஷ்’ அதனையே கள்வனுக்குரிய வைத்தியமாக மாற்றிற்று. படைவீரர் ஒருவர் கள்வனை உழவனாக்குகிறார். பின்னர் அவனையும் ஒரு வகைப் படைவீரனாக்குகிறார். ‘மதர் இந்தியா’வின் வட்டிக்காரனுக்கு இக்கதையில் இடமில்லை. நிலம் எவருடையது, கூலி எவ்வளவு என்பன கதையை நகர்த்தும் கேள்விகளல்ல. ஊரின் பகைவன் ஊருக்கு வெளியே, மலைக்கப்பால் இருக்கிறான். நக்சல்பாரியில் உழவர் எழுச்சி 1967இல் வெடித்து, நிலமே நாட்டின் பெருங் கேள்வியாக நின்ற வேளையில், திரையின் கிராமம் இவ்வளவு அமைதியாக இருந்தமையைத் தற்செயல் என்று எம்மாற் கொள்ள முடியவில்லை.

விந்தை யாதெனில், திரையிற் கொள்ளைத் தலைவனைச் சுட்டு வீழ்த்திய மறு ஆண்டிலே, 1972 ஏப்ரலில், சம்பலின் ஜௌராவில் மோகர் சிங், மாதோ சிங் முதலானோரும் அவரைச் சார்ந்தோரும் சில நூற்றுவராக ஜயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியால் ஆயுதங்களை ஒப்படைத்தனர். காந்தியடிகளின் படத்தின்முன் துப்பாக்கிகள் அடுக்கப்பட்டன. சிறை சென்றோருட் சிலர் முங்காவலித் திறந்தவெளிச் சிறையில் வைக்கப்பட்டனர். உண்மை வாழ்வு சாந்தாராமின் படத்தை நோக்கித் திரும்ப, திரையோ எதிர்த்திசையில் நடந்தது.

1975 ஆகத்து 15இல் வெளியான ‘ஷோலே’ அந்நடையின் உச்சம். கோஸ்லாவின் படைவீரர் இழந்தது ஒரு கை. இங்கே தாக்கூர் இழந்தது இரு கைகளையும். அவர் கைதிகள் இருவரைப் பணங்கொடுத்து அமர்த்துகிறார். ஜப்பானிய நெறியாளர் குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) என்னும் படத்தின் சாயல் இதில் உண்டு என்பர். உண்டுதான், ஆனால் அங்கே வறிய உழவர் தாமே கூடி ஆராய்ந்து, தாம் உண்ணாத அரிசியை ஊட்டிப் போர்வீரரை அமர்த்துகின்றனர், தாமும் மூங்கில் ஈட்டி ஏந்துகின்றனர். ராம்கட் கிராமத்திலோ அமர்த்துபவர் ஊரின் பெரியவர். ஊரார் பார்த்து நிற்போர். தாக்கூர் கப்பர் சிங்கைக் கொல்வதாக எடுக்கப்பட்ட முடிவையும், அவசரநிலைக் காலத்துத் தணிக்கையாளர் மாற்றுவித்தனர். இறுதி வேளையிற் பொலிஸார் வந்து அவனைப் பெற்றுக்கொள்கின்றனர்.

அவ்விரு கள்வருள் ஜெய் ராம்கட்டைக் காக்கும் சண்டையில் இறக்கிறான். மற்றவனான வீரு, வந்தவாறே புகையிரதமேறிப் புறப்படுகிறான். வண்டியினுள்ளே பசந்தி அவனுக்காகக் காத்திருக்கிறாள். கொட்டகை கைதட்டுகிறது. அவன் குருதி சிந்திக் காத்த ஊரில் அவனுக்கென ஒரு துண்டுக் காணி ஒதுக்கவேண்டுமென்று எவரும் நினைக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.