சுயேச்சைக் கூலியும் இடைநின்றாரும்

மலாயாத் தோட்டங்களில் கூலியாள் சுயேச்சை பெற்ற வரலாறு நம்மவர் யாவரும் அறியத் தக்கதாகும்.

ஆதியில் சஞ்சிக் கூலிகளாய் வந்தோர் கப்பற் செலவுக்கு ஈடாக ஒரே முதலாளியிடம் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு உழைத்தனர். வேலையை விட்டோடினால் சிறைவாசம். 1910-இல் அம்முறை ஒழிந்தது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்னும் உரிமை பிறந்தது.

ஆயினும் ஆளைச் சேர்த்தவன் கங்காணி. பேரட்டுக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆள் போனால் காசும் போகுமன்றோ? ஆகவே சட்டம் அவிழ்த்த முடிச்சைக் கடனைக் கொண்டும் சாதியுறவைக் கொண்டும் அவன் மீண்டும் போட்டான்.

1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. பிற்காலத்தே கங்காணியின் இடத்தில் காண்ட்ராக்டர் அமர்ந்தார். அவருடைய ஆட்களின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் ஏறுவதில்லை. கூலி நின்றால் துரை காண்ட்ராக்டரைக் காட்டுவார். காண்ட்ராக்டரோ துரையைக் காட்டுவார்.

இத்தகைய ஏய்ப்புக்கு 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஓர் அணையிட்டுள்ளது. காண்ட்ராக்டர் கொடாத கூலிக்கு, 3 மாத அளவுவரை, வேலையை ஒப்படைத்த முதலாளியும் பொறுப்பாவார். ஆனால் 90 நாட்களுக்குள் வழக்கிடல் வேண்டும்.

தோழர்களே! பெயர் கொடுக்குமுன், கூலிக்குப் பொறுப்பாளி யார் என்று கேளுங்கள். நாட்கணக்கை நீங்களும் எழுதி வையுங்கள். கேளாதவனுக்குச் சுயேச்சை வெறும் பெயரளவே.