கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி கேட்ட கேள்வி

பலகையில் ஸ்டான்லி என்று எழுதியிருந்தாலும், வண்ணாரப்பேட்டை, இராயபுரம், காசிமேடு பக்கத்துப் பெரியவர்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். என் பாட்டி கடைசிவரை ‘ஸ்டான்லி’ என்ற சொல்லை உச்சரித்ததே இல்லை. “கஞ்சித்தொட்டிக்குப் போய் மருந்து வாங்கிட்டு வாடா” என்பார். கவர்னர் பெயர் கட்டடத்தோடு நின்றுவிட்டது. கஞ்சியின் பெயர்தான் ஜனங்கள் வாயில் தங்கியது.

என் தங்கை பேத்தி பொது சுகாதாரம் படிக்கிறாள். பல்கலைக்கழகமும் கல்லூரியும் ஊர் ஜனங்களின் உடல்நலத்துக்கு என்ன செய்ய முடியும் என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். “தாத்தா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டாள். பழைய ஜெயில் ரோட்டில் போய் அரைமணி நேரம் நின்று பார் என்றேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கஞ்சியில் தொடங்கியது

1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. சென்னைக்கு மேற்கிலும் தெற்கிலும் இருந்த கிராமங்கள் பாழாயின. விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. உயிர் தப்பியவர்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்துக்கு வந்தார்கள். 1782-இல் பஞ்சம் உச்சத்துக்குப் போனபோது, கறுப்பர் நகரத்தின் மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று ஏற்பட்டது. ஊர் மணியக்காரர் தொடங்கியது என்பதால் அது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது ‘மானிகர் சௌல்ட்ரி’ ஆயிற்று.

கஞ்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். பசியும் பேதியும் காய்ச்சலும் ஒன்றாகத்தான் வரும். வெறும் கஞ்சி போதவில்லை. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே உள்ளூர் ஜனங்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். சோறும் மருந்தும் ஒரே வளாகத்தில் கிடைத்தன. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கஞ்சி, அப்புறம் ஆஸ்பத்திரி, அதற்கும் நூறு வருஷம் கழித்துத்தான் மருத்துவப் படிப்பு. மணியக்காரர் சத்திரம் இன்றும் முதியோர் இல்லமாக நடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மருத்துவப் பள்ளி நடந்தது. எல்.எம்.பி. டாக்டர் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மரியாதையாகச் சொல்வார்களே, அவர்களில் பலர் இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்து வந்தவர்கள்தான். 1929 முதல் 1934 வரை கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் பள்ளிக்கு வைக்கப்பட்டது. 1938 ஜூலை 2 அன்று அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மருத்துவக் கல்லூரியானது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு வருஷம், துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அவரே பிரசவ மருத்துவர். சுதந்திரத்துக்கு முந்திய வருஷம், 1946-இல், போர் கமிட்டி ஓர் அறிக்கை கொடுத்தது. மருத்துவ மாணவனுக்கு நோயைத் தீர்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நோய் வராமல் தடுக்கவும் தெரிய வேண்டும், அதற்கு அவன் ஜனங்கள் வாழும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பின் 1959-இல் அமைந்த அடுத்த பெரிய கமிட்டிக்கு முதலியாரே தலைவர். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நம் பேட்டையில் அது எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

விரல்களின் பாடம்

அறுபது, எழுபதுகளில் நம் வடசென்னை எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி, பெரம்பூரில் பின்னி மில். சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஆறு மாதிரி போகும். பெரிய கம்பெனிகள் இருந்தால் சந்துக்குச் சந்து சின்னப் பட்டறைகளும் இருக்கும். ஒரு ஓடு போட்ட கொட்டகை, நாலு லேத், இரண்டு பவர் பிரஸ், ஏழெட்டுப் பையன்கள். பிரஸ்ஸில் தகட்டை ஒரு கையால் வைத்து, மிதியை மிதித்தால் அச்சு இறங்கும். நிமிஷத்துக்கு இத்தனை என்று கணக்கு. ஒரு நொடி கவனம் தவறினால் தகட்டோடு விரலும் போகும்.

பெரிய கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருந்தது. பட்டறைப் பையனுக்குப் பதிவேட்டில் பெயரே இருக்காது. அவனுக்குக் கஞ்சித்தொட்டிதான் கதி.

அப்போதெல்லாம் நசுங்கிய விரலுக்கு எங்கும் வைத்தியம் ஒன்றுதான். வெட்டி, தைத்து, அனுப்பி விடுவார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத காயம் என்பதால் பெரிய டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக் கொண்டதில்லை. ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி எடுத்துக்கொண்டார். 1970-களின் தொடக்கத்தில் கைக்கென்றே தனிப் பிரிவு அங்கே உருவானது. இந்தியாவில் கை அறுவை சிகிச்சைக்கென்று ஏற்பட்ட முதல் பிரிவுகளில் அது ஒன்று.

இதற்கு முன்னோடி வேலூரில் இருந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டியிருந்தார். அவருடைய வாசலில் வந்து நின்றவர்கள் தொழுநோயாளிகள். வெங்கடசாமியின் வாசலில் வந்து நின்றவர்கள் பட்டறைப் பையன்கள். இருவருமே வாசலில் நின்றவர்களைப் பாடமாக்கினார்கள்.

வெங்கடசாமியும் அவருடைய சகாவான டாக்டர் சுப்பிரமணியனும் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் எலும்பு வெளியே தெரியும். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினால் புண் மூடும், ஆனால் அந்த இடத்தில் பழைய உணர்ச்சி இருக்காது. இவர்கள் அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணமாகத் தோலை விடுவித்து, அதற்குள் ஓடும் இரத்தக் குழாயும் நரம்பும் அறாமல், அப்படியே முன்னால் நகர்த்தி நுனியை மூடினார்கள். நரம்பு கூடவே வருவதால் தொட்டால் தெரியும். 1980-இல் இந்த முறை வெளிநாட்டு மருத்துவ இதழில் வெளியானது. உலகத்தில் எங்கோ ஒரு ஊரில் கை டாக்டர் ஒருவர் இன்றும் ‘வெங்கடசாமி ஃபிளாப்’ என்று சொன்னால், அதற்குள் நம் சந்துப் பட்டறைகளின் சத்தம் இருக்கிறது.

உணர்ச்சி அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போக மாட்டேன் என்று பட்டறைக்குப் போனவர். வலது ஆள்காட்டி விரல் நுனி பிரஸ்ஸில் போயிற்று. கைலியைச் சுற்றிக் கட்டி, சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து ஸ்டான்லிக்குக் கொண்டு போனோம். விரல் கொஞ்சம் குட்டையானது, ஆனால் நுனியில் உயிர் இருந்தது. பட்டறை வேலையை விட்டுவிட்டுக் காசிமேட்டில் வலை பழுது பார்க்க உட்கார்ந்தார். வலைக் கண்ணியைக் கண்ணால் பார்த்து முடிய முடியாது, விரல்தான் பார்க்க வேண்டும். அந்த நுனி மரத்துப் போயிருந்தால் அவர் மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்க முடியாது.

2018 பிப்ரவரியில் இதே ஆஸ்பத்திரியில், இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். பத்திரிகைகள் அதிசயம் என்று எழுதின. நாற்பத்தைந்து வருஷமாக நசுங்கிய விரல்களைத் தைத்துத் தைத்துப் பழகிய இடத்தில்தான் அந்த அதிசயம் நடக்க முடியும்.

வாசகர்களுக்கு உபயோகமான ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். நேரம் கடத்தாமல் ஆளையும் விரலையும் சேர்த்துக் கொண்டு போங்கள்.

ஐந்து ரூபாய் டாக்டர்

கல்லூரி ஊருக்குச் செய்வது வளாகத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. வியாசர்பாடி, எருக்கஞ்சேரி பக்கம் டாக்டர் திருவேங்கடத்தை அறியாதவர் உண்டா? ஸ்டான்லியில் படித்து, 1973-இல் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். முதலில் இரண்டு ரூபாய், அப்புறம் ஐந்து ரூபாய். 2020 ஆகஸ்டில் காலமாகும்வரை அதற்கு மேல் போகவில்லை. காமராஜர் கொண்டுவந்த கொள்கையால் தான் செலவில்லாமல் படிக்க முடிந்தது, அதனால் ஜனங்களிடம் காசு வாங்க மனம் வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

கூலிக்காரன் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பான். பீஸுக்கு நூறு ரூபாய் வேண்டும் என்றால் ஒரு வாரம் பொறுப்பான். அதற்குள் நோய் முற்றும், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு ஒட்டும். ஐந்து ரூபாய் என்றால் முதல் நாளே வருவான். அவர் வாங்கிய சின்னத் தொகையைத் தர்மம் என்று சொல்வதைவிடத் தடுப்பு மருந்து என்று சொல்வதே பொருத்தம்.

என்ன வேலை செய்கிறாய்?

இத்தாலியில் ராமாஸீனி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மோடெனா நகரில் தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி அவசர அவசரமாக வேலை செய்வதைப் பார்த்துக் காரணம் கேட்டாராம். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றான் அவன். அங்கிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தொழிலும் உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து 1700-இல் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன வேலை செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

இருநூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் ஈயத் தொழிற்சாலைகளுக்குள் நடந்து போனார். தொழிலாளிகளின் வீடுகளுக்கும் போய் விசாரித்தார். யார் யாருக்கு எந்த வேலையால் ஈய விஷம் ஏறியது என்று பட்டியல் போட்டார். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டது. அங்கே முதல் பெண் ஆசிரியர் அவர்.

மணியக்காரர் சத்திரத்தில் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டார்கள். வெங்கடசாமியின் பிரிவில் ‘எந்த மெஷினில் போச்சு?’ என்று கேட்டிருப்பார்கள். திருவேங்கடம் கேட்காமலேயே தெரிந்து வைத்திருந்தது, ‘கையில் எவ்வளவு இருக்கு?’ என்பது. இவை எல்லாம் ராமாஸீனி கேட்டதன் உறவுக் கேள்விகள்தான்.

இப்போது எண்ணூர்

இன்று நம் பக்கத்தில் விரலைவிட மூச்சுதான் பெரிய கவலை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடியது, ஆனால் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் குவளையாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் மூச்சு சரியாகி வீட்டுக்கு வந்துவிடலாம். பத்து வருஷம் கழித்து அந்த நுரையீரல் எப்படி இருக்கும் என்பதை யார் சொல்வது? கம்பெனி சொல்லாது. குப்பத்து ஜனங்களால் சொல்ல முடியாது. வருஷா வருஷம் அதே ஆட்களைத் தேடிப் போய் ஊதச் சொல்லி, அளந்து, எழுதி வைக்கும் இடம் வேண்டும். அதற்கு ஆளும் அறிவும் தொடர்ச்சியும் உள்ள இடம் கல்லூரிதான். மாணவர்கள் மாறுவார்கள், பதிவேடு மாறாது.

இதற்குப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டாம். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் கவனிக்க வேண்டும் என்ற திட்டம் இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்த மாதிரி நெட்டுக்குப்பத்தையும் தாழங்குப்பத்தையும் எடுத்துக் கொள்ளலாம். ஓ.பி. சீட்டில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், சாம்பல் லாரியா, வெல்டிங்கா, பெயிண்டா, மீன் ஐஸ் கம்பெனியா என்று எழுதலாம். எந்தத் தெரு என்றும் எழுதலாம். ஒரே தெருவிலிருந்து இருபது இளைப்பு வந்தால் சீட்டே சொல்லிவிடும். கண்டுபிடித்ததை இங்கிலீஷ் பத்திரிகைக்கு அனுப்புவதோடு நிற்காமல், ரேஷன் கடைச் சுவரில் தமிழில் ஒட்டலாம்.

நம் பங்கும் இருக்கிறது. ஓ.பி.யில் டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லலாம்: இன்ன தெரு, இத்தனை வருஷம் இன்ன வேலை, எப்போதிலிருந்து இளைப்பு என்று. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. டாக்டருக்கு அரை நிமிஷம் மிச்சம், உங்கள் சீட்டிலும் அது ஏறிவிடும்.

அடுத்த பதிவில் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத உத்தேசம். அங்கே வேலை பார்த்தவர்களோ, சேர்ந்து பிழைத்து வந்தவர்களோ இருந்தால் சொல்லுங்கள், கேட்டு எழுதுகிறேன்.