குரல் உரையாடலின்போது விளையாட்டு ஒலி மறைதல்

கணினியில் விளையாடிக்கொண்டே டிஸ்கார்ட், டீம்ஸ்பீக், மம்பிள் போன்ற குரல் உரையாடல் மென்பொருளில் பேசத் தொடங்கியதும் விளையாட்டின் ஒலி தணிவது, தரம் கெடுவது, அல்லது அடியோடு நின்றுபோவது விண்டோஸ் பயனர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல். பெரும்பாலும் இது கருவிப் பழுது அல்ல. பேச்சுக்கு முன்னுரிமை தருவதற்காக இயங்குதளமோ ஹெட்செட்டோ தானாகச் செய்யும் மாற்றமே காரணம். ஒலி எந்த விதத்தில் கெடுகிறது என்று கவனித்தால் காரணம் பிடிபடும்.

ஒலி தணிதல்

2009-இல் வெளியான விண்டோஸ் 7, தொலைத்தொடர்புக்கான ஒலி திறக்கப்பட்டதும் மற்ற நிரல்களின் ஒலியைத் தானே குறைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. யாரும் மாற்றாதவரை குறைப்பின் அளவு 80%. மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு என்பதால், காலடி ஓசை போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழுவதே இல்லை. கண்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' பகுதியைத் திறந்தால் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற தாவலில் நான்கு தெரிவுகள் இருக்கும்: முழுவதும் நிறுத்து, 80% குறை, 50% குறை, எதுவும் செய்யாதே. கடைசித் தெரிவைக் குறித்துச் சேமித்தால் குறைப்பு நின்றுவிடும்.

டிஸ்கார்டிலும் 'அட்டனுவேஷன்' என்ற தனி அமைப்பு உண்டு. யாராவது பேசும்போது மட்டும் விளையாட்டு ஒலி இறங்கி, பேச்சு நின்றதும் ஏறினால் இதைச் சந்தேகிக்கலாம். அதைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

புளூடூத் ஹெட்செட்டில் தரம் கெடுதல்

வழக்கமான புளூடூத் ஹெட்செட்டுகள் இரு முறைகளில் இயங்குகின்றன. ஏ2டிபி முறையில் ஸ்டீரியோ ஒலி நல்ல தரத்தில் வரும். மைக் வேலை செய்யாது. ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறையில் மைக் இயங்கும். ஆனால் ஒலி மோனோவாகி, மாதிரி வீதம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்சாக இறங்கும். குறுந்தட்டின் வீதம் 44.1 கிலோஹெர்ட்சு. உரையாடல் மென்பொருள் மைக்கைத் திறந்த கணமே ஹெட்செட் இரண்டாம் முறைக்குத் தாவுகிறது.

விண்டோஸ் 10-இல் இவ்விரு முறைகளும் இரண்டு தனித்தனி ஒலிக்கருவிகளாகப் பட்டியலில் தெரியும். விளையாட்டு ஸ்டீரியோ கருவிக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தால் நண்பர்களின் குரல் மட்டும் கேட்கும், விளையாட்டு ஊமையாகிவிடும். உரையாடல் மென்பொருளில் மடிக்கணினியின் மைக்கையோ தனி யுஎஸ்பி மைக்கையோ உள்ளீடாகவும், ஸ்டீரியோ கருவியை வெளியீடாகவும் தேர்ந்தால் ஹெட்செட் முதல் முறையிலேயே நிற்கும். கம்பி ஹெட்செட்டில் இத்தொல்லை இல்லை. 2022-இல் வரையறைகள் நிறைவுற்ற எல்இ ஆடியோ என்ற புளூடூத் முறை, மைக் இயங்கும்போதும் நல்ல தரத்தில் ஸ்டீரியோ தர வல்லது. கணினியும் ஹெட்செட்டும் அதை ஆதரிக்க வேண்டும்.

ஒலி அடியோடு நிற்றல்

ஹெட்செட்டைச் செருகியதும் விண்டோஸ் அதை இயல்பு ஒலிக்கருவியாக மாற்றக்கூடும். தொடங்கும்போது பிடித்த கருவியையே கடைசிவரை பற்றிக்கொள்ளும் விளையாட்டுகள் பல உண்டு. அவற்றின் ஒலி பழைய ஸ்பீக்கருக்கே போய்க்கொண்டிருக்கும். ஹெட்செட்டை முதலில் இணைத்து, பிறகு விளையாட்டைத் தொடங்குவது இதற்குத் தீர்வு.

ஒரு நிரல் ஒலிக்கருவியைத் தன் தனிப்பிடியில் எடுத்துக்கொள்ளவும் விண்டோஸ் இடம் தருகிறது. அப்போது மற்ற நிரல்கள் அக்கருவியில் ஒலிக்க முடியாது. கருவியின் பண்புகளில் 'அட்வான்ஸ்டு' தாவலில் இதற்கான அனுமதியை நீக்கலாம். சில ஹெட்செட்டுகளில் விளையாட்டுக்கும் பேச்சுக்கும் இடையே ஒலியைப் பங்கிடும் திருகு இருக்கும். அது பேச்சுப் பக்கம் முழுதும் திரும்பியிருந்தாலும் விளையாட்டு ஒலி கேட்காது.

சரிபார்க்கும் வரிசை

முதலில் ஹெட்செட்டின் திருகையும், பிறகு டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் குறியை வலச் சொடுக்கினால் கிடைக்கும் 'வால்யூம் மிக்சர்' சாளரத்தில் விளையாட்டின் ஒலியளவையும் பார்க்க வேண்டும். அடுத்து இயல்பு ஒலிக்கருவி, 'கம்யூனிகேஷன்ஸ்' தாவல், உரையாடல் மென்பொருளின் அமைப்புகள் என்று வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் எது காரணம் என்று தெரியும். இவ்வமைப்புகள் விளையாட்டின் கோப்புகளில் இல்லாததால், விளையாட்டை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதால் பயன் கிடைப்பது அரிது.